அப்பாவோட ரேடியோ ரூமும் நான் தொலைச்சதும்

போன மாசம் எங்க ஸ்கூல்ல கூட வேலை பாக்குற டீச்சர் ஸ்டாஃப் ரூம்ல என் பக்கத்துல வந்து உக்காந்து, "அக்கா, திருவாரூர்ல எங்க பெரியப்பா தவறிட்டாரு, அவரும் உங்கப்பா மாதிரி ஹாம் ரேடியோக்காரரு, மாடி ரூம் பூரா சாமானா கிடக்கு, பெரியம்மாவுக்கு ஒண்ணும் புரியல, காயலாங்கடைக்காரர் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டாரு"ன்னு சொன்னாங்க. ஹாம்னா, லைசன்ஸ் வாங்கி வீட்டுலேர்ந்தே சொந்த டிரான்ஸ்மிட்டர்ல மத்தவங்களோட பேசுறவங்க, அமெச்சூர்னும் சொல்லுவாங்க. எனக்கு வயித்தைப் பெசஞ்சுது. அந்தாளை படியேற விடாதீங்கன்னு பெரியம்மாவுக்கு இப்பவே போன் போடுங்கன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். பெல் அடிச்சும் பேசிக்கிட்டே இருந்தோம். அன்னிக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வரல. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதையெல்லாம் எனக்கு யாராவது சொல்லியிருந்தா எவ்வளவு மிச்சமாயிருக்கும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. அதான் எழுதுறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அப்பா 1944ல பொறந்தவரு, ஊரு திருவிடைமருதூர் பக்கம். தாத்தாவுக்கு ரெண்டு ஏக்கர் நஞ்சை. அறுபதுகள்ல திருச்சி வானொலியோட விவசாய நிகழ்ச்சியைக் கேட்டுட்டுத்தான் தாத்தா ஆடுதுறை 27 விதைநெல்லைத் தேடிப் போனாராம். தஞ்சாவூர் ஜில்லாவுல அந்த ரகத்துக்கே ரேடியோ நெல்லுன்னு பேரு வந்துடுச்சு. "ஒரு பொட்டி பேசி ஒரு ஜில்லாவோட விதையே மாறுச்சு பாப்பா"ன்னு அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு. டிப்ளமோ முடிச்சு அதே திருச்சி வானொலிக்கே இன்ஜினியரிங் அசிஸ்டன்ட்டா வேலைக்குப் போனாரு, ரிட்டயர் ஆகுற வரைக்கும் டிரான்ஸ்மிட்டர்தான் அவருக்கு எல்லாம். 936 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். விடியக்காலம் ஷிஃப்ட்ன்னா, நாம பாயை சுருட்டுறதுக்கு முன்னாடி அவரு ஃபிலமென்ட்டை சூடு பண்ணி, அது பதமானதும் எச்டின்ற உயர் வோல்டேஜைக் குடுத்து, பாட்டையும் பேச்சையும் சுமக்குற கேரியர் அலை காத்துல ஏறுதான்னு மீட்டரைப் பாத்துக்கிட்டு நிப்பாரு. பாட்டு யாரு போட்டா, நியூஸ் யாரு படிச்சான்னு எல்லாருக்கும் தெரியும், அதைத் தூக்கிக்கிட்டு வந்து நம்ம வரப்புல போட்ட ஆளை யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு அதுல வருத்தமே இருந்ததில்லை. எனக்குத்தான் உண்டு.

வேலையில நாள் பூரா ரேடியோ, லீவுல வீட்டுக்கு வந்தா திரும்பவும் ரேடியோ. கும்பகோணத்துல நாச்சியார்கோயில் ரோட்டுல எங்க வீடு, பின்னாடி மாட்டுக்கொட்டகையா இருந்ததை செவுரு எழுப்பி ரூமாக்கிட்டாரு. எழுபதுகள்ல மெட்ராஸ் போயி பரீட்சை எழுதி, தந்தி மாதிரி கட்டு கடான்னு சேதி அனுப்புற மோர்ஸை அடிச்சுக் காட்டி லைசன்ஸ் வாங்கினாரு. அப்பல்லாம் மூர் மார்க்கெட்ல உலக யுத்தத்து மிலிட்டரி சாமான் வித்துக்கிட்டு இருந்தாங்கல்ல, அங்கேர்ந்து ஒரு ரிசீவரை தலையில சுமந்துக்கிட்டு ராத்திரி வண்டியில வந்து இறங்கின கதையை அம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க. டிரான்ஸ்மிட்டர் 807ன்ற பழைய கண்ணாடி வால்வு போட்டு அவரே கட்டினது. ஆன்டெனான்னா பெருசா ஒண்ணும் இல்ல, 7 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர் செம்புக் கம்பி, நடுவுல வெட்டி ஒயரைக் கோத்து, ஒரு முனை தென்னை மரத்துல, இன்னொரு முனை மாடிக் கம்பத்துல. மோர்ஸ் அடிக்கிற கீ மட்டும் ஸ்பெஷல். நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையில தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர்கிட்ட படம் போட்டுக் குடுத்து, குத்துவிளக்குக்கு உருக்குற அதே பித்தளையில வார்த்து வாங்கினது. நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப அந்த டிட் டா சத்தத்துலதான் தூங்குவேன். 1924ல மெட்ராஸ்ல கிருஷ்ணசாமி செட்டியாரும் அவரு கூட்டாளிகளும் ரேடியோ கிளப் ஆரம்பிச்சு ஒலிபரப்பினாங்க, சர்க்கார் ரேடியோவெல்லாம் அதுக்கப்புறம்தான், நம்ம நாட்டுக்கு ரேடியோவைக் கொண்டாந்ததே அமெச்சூர்தான்னு அப்பா நெஞ்சை நிமித்திச் சொல்லுவாரு.

2004 டிசம்பர் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தமான்லேர்ந்து பல வருஷம் கழிச்சு ஹாம் ஸ்டேஷன் பேசுது, பாரதி பிரசாத் அம்மா தலைமையில ஒரு குழு போயிருக்குன்னு அப்பா ராத்திரி ராத்திரியா முழிச்சுக்கிட்டுக் கூப்பிட்டு, ஒரு வழியா பேசிட்டு காலையில காபி குடிக்கிறப்ப குழந்தை மாதிரி சிரிச்சாரு. 26ஆம் தேதி சுனாமி. நேத்து வரைக்கும் உலகம் பூரா ஹலோ சொல்லிக்கிட்டு இருந்த அதே அந்தமான் ஸ்டேஷன் அன்னிக்கு செத்தவங்க பொழைச்சவங்க சேதி சொல்ல ஆரம்பிச்சுது. அப்பா ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்கூட ஆகல, கைக்கு அடக்கமான விஎச்எஃப் செட்டையும் ஒரு பேட்டரியையும் தூக்கிக்கிட்டு நாகப்பட்டினம் போயிட்டாரு. நாகை ஜில்லாவுல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. எட்டு நாள் கழிச்சு வந்தவரு ஒரு மாசம் சரியா பேசவே இல்ல. 2018 நவம்பர்ல கஜா வந்து வேதாரண்யம் பக்கம் கரண்டு செல்போன் எல்லாம் போனப்பவும், 74 வயசுல, கார் பேட்டரியை வெச்சுக்கிட்டு அந்த ரூம்லேர்ந்துதான் சேதி வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு.

2022 ஐப்பசி மழையில அப்பா போயிட்டாரு. நான் ஒரே பொண்ணு, வீட்டுக்காரர் குவைத்ல, கருமாதிக்கு வந்துட்டு உடனே கிளம்பிட்டாரு. நான் மன்னார்குடியிலேர்ந்து சனி ஞாயிறு மட்டும் நீடாமங்கலம் வழியா பஸ் புடிச்சு வந்து வந்து பாக்கணும். இதுல சொந்தக்காரர் ஒருத்தர் நல்லது சொல்றதா நினைச்சுக்கிட்டு, லைசன்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட்டரை வீட்டுல வெச்சிருந்தா கேஸாயிடும், போலீஸ் வரும்னு அம்மா காதுல போட்டுட்டாரு. அம்மாவுக்கு அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. "இதையெல்லாம் தூக்கிப் போட்டுடு பாப்பா, எனக்கு பயமா இருக்கு"ன்னு தெனம் போன். அந்த பயத்துலதான் நான் எல்லா தப்பும் பண்ணினேன்.

லைசன்ஸ் விஷயத்தை இங்கேயே சொல்லிடுறேன். பயம் முழுக்க பொய் இல்ல, 1933லயே வந்த வயர்லெஸ் சட்டக் காலத்துலேர்ந்தே லைசன்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட்டர் வெச்சுக்கக் கூடாதுதான், ஹாம் லைசன்ஸும் அந்த ஆளோட போயிடும், வீடு நிலம் மாதிரி வாரிசுக்கு வராது. ஆனா அதுக்காக மறுநாளே தெருவுல வீசணும்னு அர்த்தமில்ல. நான் பிற்பாடு செஞ்சது என்னன்னா, லைசன்ஸ் ஜெராக்ஸ், டெத் சர்டிஃபிகேட், எந்தெந்த செட்டு இருக்குன்னு சீரியல் நம்பரோட ஒரு லிஸ்ட், லைசன்ஸ் உள்ள ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கப் போறோம்னு ஒரு லெட்டர், எல்லாத்தையும் டெல்லியில ரேடியோ லைசன்ஸைப் பாத்துக்குற டபிள்யூபிசி பிரிவுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி, ரசீதை பத்திரமா வெச்சுக்கிட்டேன். இதை முதல் மாசமே செஞ்சிருந்தா அம்மா நிம்மதியா தூங்கியிருப்பாங்க. செட்டோட பில்லு, லைசன்ஸ் ஒரிஜினல் ரெண்டும் எங்க இருக்குன்னு உசிரோட இருக்கறப்பவே கேட்டு வெச்சுக்கோங்க, எனக்கு அது கிடைக்கவே நாலு வாரம் ஆச்சு, கடைசியில பஞ்சாங்கக் கட்டுக்குள்ள இருந்துச்சு.

ஆனா லெட்டர் அனுப்புறதுக்கு முன்னாடியே முக்கால்வாசி போயிடுச்சு. கருமாதி முடிஞ்ச அடுத்த வாரமே காயலாங்கடைக்காரர் ஒருத்தரை வரச் சொன்னேன். ரூம்ல இருந்த ஜப்பான் செட்டு, சிக்னலோட பலத்தைக் கூட்டுற, 813 வால்வு போட்ட லீனியர் ஆம்ப்ளிஃபையர், மூர் மார்க்கெட் ரிசீவர், அலுமினிய ஆன்டெனா, ரோட்டேட்டர் மோட்டார், மூணு அட்டைப்பெட்டி வால்வு. எடை போட்டு மொத்தம் 11,500 ரூபா குடுத்தாரு. எனக்கு அப்ப அது பெரிய காசா தெரிஞ்சுது. அந்த ஜப்பான் செட்டு மட்டுமே பழசுக்கு 40,000 போகும்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். வால்வெல்லாம் டப்பா பிரிக்காதது, கண்ணாடின்னு உடைச்சு உள்ள இருக்கிற தகட்டை எடுத்திருப்பாங்க. ஒரு லட்சத்துக்கு மேல போச்சுன்னு கணக்கு, காசை விட அந்த செட்டுங்க வேற ஒரு ஹாம் கையில பேசிக்கிட்டு இருந்திருக்கும்ல, அதுதான் ஆறல. யாரா இருந்தாலும் சரி, முதல்ல இன்னொரு ஹாமுக்குப் போன் போடுங்க, அப்புறம்தான் மத்தவங்க. அப்பா போன்ல நம்பரெல்லாம் இருந்துச்சு, பேருக்குப் பதிலா கால்சைன், அதாவது லைசன்ஸோட குடுக்குற அடையாள எழுத்து, அதைப் போட்டு சேவ் பண்ணியிருந்தாரு, விக்டர் யூனிஃபார்ம் டூன்னு, அதாவது VU2ன்னு, ஆரம்பிக்கிற எழுத்தெல்லாம் என்னன்னு புரியாம நான் ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டுப் போயிட்டேன்.

அதைவிட மோசம் நடந்திருக்க வேண்டியது. லீனியரோட பவர் சப்ளை தனிப் பொட்டி, ஓடுதான்னு பாத்துட்டா நல்ல விலை கேக்கலாம்னு சித்தப்பா பையன் பிளக்கைச் சொருகி, டிரான்ஸ்ஃபார்மர் ஊம்னு சத்தம் போட்டதும் அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டுத்தான் மூடியைக் கழட்டினான். கையை உள்ள விட்டதும் படார்னு ஒரு சத்தம், பையன் செவுத்துல போய் விழுந்தான். கரண்டு இல்லாத பொட்டி எப்படி அடிக்கும்னு நாங்க முழிச்சோம். உள்ள இருக்கிற எண்ணெய் கெபாசிட்டர்ல ரெண்டாயிரம் வோல்ட் தேங்கி நின்னுருக்கு. அணைச்சதும் அதை வடிய விடறதுக்கு பிளீடர்னு ஒரு ரெசிஸ்டர் இருக்குமாம், அது எப்பவோ எரிஞ்சு போயிருந்திருக்கு. உள்ளங்கையில தீக்காயம், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி, 7,400 ரூபா. உசிரு தப்புச்சே அது போதும். அந்த ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு மூங்கில் குச்சி, நுனியில பித்தளைக் கொக்கி, அதுலேர்ந்து ஒரு கெட்டி ஒயர் எர்த்துக்குப் போகும். டிரான்ஸ்மிட்டருக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி எர்த் ராடை மாட்டாம போகக் கூடாதுன்னு வேலையில சட்டம், அதையே வீட்டுலயும் வெச்சிருந்தாரு அப்பா. அது எதுக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. வால்வு போட்ட எந்தப் பொட்டியையும் சொருகிப் பாக்காதீங்க, திறக்காதீங்க, தெரிஞ்சவங்க வந்து எர்த் பண்ணிக் குடுக்கட்டும். பழைய எண்ணெய் கெபாசிட்டர் சிலதுல பிசிபின்னு விஷ எண்ணெய் இருக்கும், ஒழுகினா கையால தொடைக்காதீங்க. சில பவர் டிரான்சிஸ்டர்ல வெள்ளைப் பீங்கான் மாதிரி இருக்கிறது பெரிலியம் ஆக்சைடா இருக்கும், உடைச்சுத் தூளை மோந்தா நுரையீரலுக்கு ஆபத்து. சார்ஜர்ல மாட்டியிருக்கிற பேட்டரியையும் மொத நாளே கழட்டிடுங்க, எங்க வீட்டுல ஒண்ணு உப்பிப் போய் ஆசிட் ஒழுகிடுச்சு.

மாடிக் கம்பத்தை இறக்கினதும் தப்பாத்தான் போச்சு. 40 அடி ஜிஐ பைப்பு, நாலு பக்கம் ஸ்டே கம்பி. வெள்ளையடிக்கிற பசங்க ரெண்டு பேரு 3,000 ரூபாய்க்கு இறக்கித் தர்றோம்னாங்க, அதுவும் கார்த்திகை மாசக் காத்துல. ஒரு ஸ்டே கம்பியை கட்டிங் பிளேயரால வெட்டினாங்க, அவ்வளவுதான், கம்பம் எதிர்ப்பக்கமா சாஞ்சு பக்கத்து வீட்டு சித்தியோட ஓட்டு மேல விழுந்துச்சு. நல்லவேளை உள்ள யாரும் இல்ல, தெருவுல போற கரண்டு கம்பியும் அந்தப் பக்கம் இல்ல. ஓடு மாத்த, கைமரம் மாத்த 18,000. சித்தி ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. ஸ்டே கம்பியை வெட்டவே கூடாது. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ஆளு கயிறு புடிச்சு நின்னு, ஒரு பக்கம் மெதுவா தளர்த்த தளர்த்த எதிர்ப்பக்கம் இழுத்துத்தான் சாய்க்கணும், காத்தில்லாத காலை நேரமா பாத்து, கரண்டு லைன் பக்கம் சாயாம. இதுக்கு ஆறு பேரு வேணும், அவசரம் ஒண்ணும் கிடையாது, தை மாசம் வரைக்கும் நின்னா நிக்கட்டும்.

இன்னொண்ணு சொல்லணும், எழுதவே கை வரல. ஒருத்தர் வந்தாரு, அப்பாவோட ரேடியோ சிநேகிதர்னு சொன்னாரு, அப்பாவைப் பத்தி அழகா பேசினாரு, அம்மா காபி போட்டுக் குடுத்தாங்க. மியூசியத்துல வெக்கப் போறோம்னு சொல்லி நாச்சியார்கோயில் கீயையும், கைக்கு அடக்கமான அந்த நாகப்பட்டினம் செட்டையும் வாங்கிட்டுப் போனாரு. அந்த நம்பர் ஒரு வாரத்துல சுவிட்ச் ஆஃப். அவரு கால்சைன் என்னன்னு நான் கேக்கல, கேக்கணும்னே தெரியாது. உண்மையான ஹாம்னா பேரைச் சொல்றதுக்கு முன்னாடி கால்சைனைச் சொல்லுவாங்க, லைசன்ஸைக் காட்டுன்னா சந்தோஷமா காட்டுவாங்க. முதல் மாசம் யாரு கேட்டாலும் எதையும் குடுக்காதீங்க. துக்க வீட்டுல நமக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது.

மாசிலதான் காரைக்கால் சார் வந்தாரு. எழுபத்தஞ்சு வயசு, ரிட்டயர்டு வாத்தியார், பஸ்ல வந்து இறங்கி வீட்டை விசாரிச்சுக்கிட்டு வந்தாரு. "மூணு மாசமா ஓஎம் குரலைக் காணோம், போனும் எடுக்கல, மனசு கேக்கலம்மா"ன்னாரு. ஓஎம்னா ஓல்டு மேன், ஹாம்ங்க ஒருத்தரை ஒருத்தர் பாசமா கூப்பிடுறது. தெனம் காலையில 7 மெகாஹெர்ட்ஸ்ல இவங்க எல்லாம் பேசிக்குவாங்களாம், அதுக்கு நெட்னு பேரு, அப்பா பேரு வர்ற இடத்துல கூப்பிட்டுப் பாத்துட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, அடுத்த ஆளுக்குப் போவாங்களாம். நான் அப்பா இல்லைன்னு சொன்னதும் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்துட்டு, "சைலண்ட் கீ"ன்னாரு. ஹாம் ஒருத்தர் தவறிட்டா அப்படித்தான் சொல்லுவாங்களாம். ரூமைக் காட்டினேன், காலி மேஜை. அவரு ஒண்ணும் திட்டல. "கார்டெல்லாம் எங்கம்மா"ன்னு மட்டும் கேட்டாரு.

கார்டுன்னா கியூஎஸ்எல் கார்டு. ஒருத்தரோட மொத மொத பேசினா, பேசினதுக்கு சாட்சியா தபால்ல கார்டு அனுப்பிக்குவாங்க, அதுல தேதி, நேரம், அலைவரிசை, சிக்னல் எப்படி வந்துச்சுன்னு எழுதியிருக்கும். அப்பாவுக்கு நாப்பத்தஞ்சு வருஷத்துக் கார்டு, ரெண்டு பெரிய டிரங்குப் பொட்டி. ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஒரு ஹாம், அவரோட ஒரு ராத்திரி பேசினேன்னு அப்பா சொல்லுவாரு, கிரீடம் போட்ட அந்தக் கார்டை நான் சின்ன வயசுல கையில வெச்சுப் பாத்திருக்கேன். ரெண்டு பொட்டியிலேர்ந்தும் கொட்டி பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டேன். 14 கிலோ, கிலோ 12 ரூபா, 168 ரூபா வாங்கினேன். காரைக்கால் சார்கிட்ட அதைச் சொல்றப்ப எனக்குக் குரல் வரல. அவரு என் தலையில கை வெச்சு, "லாக் புக் இருக்கா பாரும்மா"ன்னாரு. அது இருந்துச்சு, பதினோரு நோட்டு, அப்பா கையெழுத்துல ஒவ்வொரு பேச்சும், நேரம் மட்டும் நம்ம கடிகாரத்துல இல்ல, அஞ்சரை மணி நேரம் பின்னாடி, உலகத்துக்கே பொதுவான நேரத்துல. மன்னரோட பேசின ராத்திரியும் அதுல இருந்துச்சு, ஒரே ஒரு வரி. அம்மா அந்த வரியைத் தடவிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

அப்பா குரல் எங்ககிட்ட இல்ல. செல்போன் வந்து இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ரெக்கார்ட் பண்ணல, காத்துல எப்பவும் இருக்கிற குரல்தானேன்னு இருந்துட்டோம். காரைக்கால் சார் நாலு பேருகிட்ட கேட்டு, ஒருத்தர் எதேச்சையா பதிவு பண்ணி வெச்சிருந்த காலை நெட் ஒண்ணை வாட்ஸ்அப்ல அனுப்பினாரு. ரெண்டரை நிமிஷம். இரைச்சலுக்கு நடுவுல அப்பா, "இங்க நேத்து நல்ல மழை, அரசலாத்துல தண்ணி ஓடுது, மத்தபடி சுகம், செவன்ட்டி த்ரீ"ன்றாரு. செவன்ட்டி த்ரீன்னா ஹாம் பாஷையில வாழ்த்து சொல்லி முடிக்கிறது. உங்க வீட்டுல ரேடியோல பேசுறவங்க யாராவது இருந்தா இன்னிக்கே அந்த ரூம் வாசல்ல நின்னு போனை நீட்டுங்க. அப்படியே ஒரு நோட்டையும் குடுத்து, எந்தப் பொட்டி என்ன, என்ன விலை போகும், எதைத் தொடக்கூடாது, எனக்கப்புறம் யாருக்குப் போன் போடணும்னு ரெண்டு பக்கம் எழுதி வாங்குங்க. சாவைப் பத்திக் கேக்குற மாதிரி இருக்குமேன்னு நான் தயங்கினேன். ஆனா அப்பாகிட்ட ரேடியோவைப் பத்தி என்ன கேட்டாலும் சந்தோஷமா உக்காந்து எழுதித் தந்திருப்பாரு.

போன ஞாயித்துக்கெழமை காரைக்கால் சாரைக் கூட்டிக்கிட்டு திருவாரூர் போனேன். எங்க வீட்டு மூங்கில் குச்சியை பஸ்ல நான்தான் தூக்கிட்டுப் போனேன். சார் ஒவ்வொரு பொட்டியா எர்த் பண்ணி, ஒட்டுத் தாள்ல பேரும் விலையும் எழுதி ஒட்டினாரு. திருச்சியில புதுசா லைசன்ஸ் வாங்கின ஒரு காலேஜ் பையனுக்கும், நாகப்பட்டினத்துல ஒருத்தருக்கும் செட்டு போகுது, நியாயமான காசுக்கு. லிஸ்ட்டும் லெட்டரும் டபிள்யூபிசிக்கு ரெடி. கார்டெல்லாம் நாலு பிஸ்கட் டின்னுல நாட்டு வாரியா நான் அடுக்கினேன், அதுக்கே மூணு மணி நேரம் ஆச்சு. கிளம்புறப்ப பெரியம்மா முந்தானையில சுத்தி வெச்சிருந்த ஒரு மோர்ஸ் கீயை எடுத்து, இதையும் யாருக்காவது குடுத்துடவாம்மான்னு கேட்டாங்க. லைசன்ஸ் வேண்டியது டிரான்ஸ்மிட்டருக்குத்தான், கீக்கு யாரும் கேக்க மாட்டாங்க, இது உங்ககிட்டயே இருக்கட்டும் பெரியம்மான்னு சொல்லிட்டு வந்தேன்.